மாட்டுக் கயிற்றில் என் மகன், லிஃப்டுக்குள் நான்

என் மகன் ஜெரோமின் கை மாட்டுக் கயிற்றில் சிக்கிக் கிடந்த நேரத்தில், நான் லண்டன் எட்மண்டனில் ஒரு லிஃப்டுக்குள் அடைபட்டுக் கிடந்தேன். இரண்டு பேருக்கும் வெளியே வர வழியில்லை. அன்று ஆண்டவர் எனக்குச் செய்த நன்மையை நாலு பேர் அறியச் சொல்கிறேன் என்று நேர்ந்திருந்தேன். அதனால்தான் எழுதுகிறேன். எனக்கு எழுத்து வராது, பேச்சுத்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜெரோம் இங்கே லண்டனில், இல்ஃபோர்டில் பிறந்து வளர்ந்தவன். படிப்பு முடிந்ததும் ஒரு வேலை பிடித்தான். பிறந்தநாள் விழாக்களுக்கு மெஷின் மாடு வாடகைக்கு விடும் இடம். ஏறி இருந்தால் அது துள்ளித் துள்ளி ஆளைத் தூக்கி எறியும். சுற்றி மெத்தை போட்டிருப்பார்கள். போகட்டும், விளையாட்டுத்தானே என்று நானும் சிரித்தேன். பிறகு அவனுக்கு மெஷின் காணாதாம். உயிருள்ள மாடு வேண்டுமாம். இந்த நாட்டில் அதற்கு அனுமதி இல்லை என்றதும், கனடாவின் மேற்குப் பக்கம் இருக்கும் என் தம்பியிடம் போய்விட்டான். ஊர் ஊராக நடக்கும் போட்டிகளில் ஏறி ஏறி, கடைசியில் அதுவே தொழில் என்று வந்து நின்றான். கனடா போன பிள்ளைகள் வீடு வாங்குகிறார்கள், என்னுடையது மாட்டில் ஏறுகிறது.

"எட்டு செக்கன்தானே அம்மா" என்பான். ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டு எட்டு செக்கன் மாட்டின் மேல் இருந்தால் போதும். அந்த எட்டு செக்கனுக்குள் எனக்கு ஒரு அருள்நிறை மரியே சொல்லி முடிக்க ஏலாது.

எங்கள் செபக் குழுவில் மற்றத் தாய்மார் தங்கள் பிள்ளைகள் சோதனையில் பாஸ் பண்ண வேண்டும் என்று மன்றாடுவார்கள். என் மன்றாட்டு மட்டும் வேறு. அவன் அடிபடாமல் விழ வேண்டும், தோற்று, அலுத்து, வீட்டுக்கு வர வேண்டும். எல்லோரும் ஆமென் சொல்வார்கள். நான் இதை அவனிடமே சொல்லியிருக்கிறேன். அவன் சிரித்தான்.

போன வருடம் ஓகஸ்ட் மாதம், ஒரு ஞாயிறு பின்னேரம். எட்மண்டனில் எங்கள் குழு றீற்றா வீட்டில் செபம். அவள் பதினோராம் மாடியில் இருக்கிறாள். என் முழங்காலுக்குப் படி ஏலாது. ஒரு கையில், செபம் முடியச் சாப்பிட றோல்ஸ் பெட்டி, மற்றக் கையில் போன். போனில் ஜெரோமின் போட்டி நேரடியாக ஓடிக்கொண்டிருந்தது. அவன்தான் கடைசி ஆள். அதுவரை டைலர் என்ற ஒரு வெள்ளைக்காரப் பெடியன் முதலாவதாக இருந்தான். ஜெரோம் எட்டு செக்கன் இருந்தால் அவனை வெல்லலாம். அதே கட்டடத்தில் இருக்கும் சரோ அக்காவும் கடைச் சாமானோடு ஏறினா. கதவு மூடியது. கொஞ்சம் ஏறியதும் லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது.

"இந்தக் கோதாரி பிடிச்ச லிஃப்ட்" என்று சரோ அக்கா அலாரத்தை அமத்தினா. ஒரு பெண்ணின் குரல் வந்தது. ஆள் வருகிறார், பொறுமையாக இருங்கள் என்றது.

நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிக்னல் இழுத்து இழுத்து வந்தது. படத்தில் மாட்டுப் பட்டியின் வாசல் திறந்தது. மாடு வெளியே பாய்ந்தது. கறுத்த மாடு, மலை மாதிரி. மூன்றாவது துள்ளலில் ஜெரோம் சரிந்தான். கயிற்றைக் கையில் சுற்றி இறுக்கிப் பிடிப்பார்கள். கை இருக்கும் பக்கம் விழுந்தால் கழன்றுவிடும், மற்றப் பக்கம் விழுந்தால் இறுகிவிடும். அவன் மற்றப் பக்கம் விழுந்தான். கை மாட்டின் முதுகில், உடம்பு பக்கவாட்டில் தொங்குகிறது. மாடு துள்ளத் துள்ள அவன் துணி போல அடிபடுகிறான்.

படம் அப்படியே நின்றுவிட்டது.

நான் போனைத் தட்டினேன், உயர்த்திப் பிடித்தேன், மூலைக்கு மூலை கொண்டு போனேன். அசையவில்லை. அலாரத்தை அமத்தி, கனடாவுக்கு ஒரு கோல் எடுத்துத் தா தங்கச்சி என்று இங்கிலீசில் கெஞ்சினேன். லிஃப்டுக்குள் யாருக்காவது காயமா என்று கேட்டாள். இல்லை, கனடாவில் என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. பாவம், எப்படி விளங்கும்?

சரோ அக்கா போனை வாங்கிப் பார்த்தா. "என்ன பிள்ளை இது, ஜல்லிக்கட்டோ?"

"இல்லை அக்கா. இது மேல ஏறி இருக்கிறது. உவன் என்ர மகன்."

அவ உடனே சாமான் பையைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பிடித்து நிலத்தில் இருத்தினா. "நீ உன்ர மாதாவைக் கூப்பிடு. நான் என்ர முருகனைக் கூப்பிடுறன். ஆராவது ஒருத்தர் வரட்டும்" என்றா.

முழங்காலில் நின்றேன். மனப்பாடமாகத் தெரிந்த செபம் ஒன்றும் வாயில் வரவில்லை. சுவர் நெருங்கி வருவது போல இருந்தது. பிள்ளை தோற்க வேண்டும் என்று இத்தனை காலம் கேட்டேனே, இப்படியா தருவீர் என்று ஆண்டவரோடு சண்டை பிடித்தேன். பிறகு அழுது அழுது ஒன்றையே சொன்னேன். "ஆண்டவரே, இந்தக் கதவைத் திறக்காட்டிலும் காரியமில்லை. அந்தக் கையைத் திறந்து விடும். என்னை இதுக்குள்ளயே வைச்சிரும்."

சொன்னதை அவர் அப்படியே எடுத்துக்கொண்டார். ஆள் வரவில்லை. வருகிறார், வருகிறார் என்று குரல் மட்டும் வந்தது. பிறகு செபம் வாயில் வந்தது; ஒரு செபமாலை முடிந்து திரும்பவும் தொடங்கினேன். போனில் அதே படம். அணைக்கவும் பயம், பார்க்கவும் பயம். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு மன்றாடுகிறேனா, செத்த பிள்ளைக்கு மன்றாடுகிறேனா என்றே எனக்குத் தெரியவில்லை. அதைவிடப் பெரிய சிறை வேறு இல்லை.

கதவு திறந்தபோது என்னால் எழும்ப முடியவில்லை. வெளியே இழுத்துவிட்டார்கள். உடனே போன் விடாமல் அடித்தது. எடுக்க எனக்குத் துணிவில்லை. சரோ அக்காதான் அமத்தி என் காதில் வைத்தா.

"எங்கையம்மா போனீங்கள்? எத்தினை தரம் அடிச்சனான்."

அவன் குரல். எனக்கே ஏசுகிறான். நான் நடைபாதையில் இருந்து வாய்விட்டு அழுதேன்.

தோள் விலகியிருந்தது, விரல் இரண்டு முறிந்திருந்தது. மற்றபடி சுகம். மாட்டைத் திசைதிருப்ப நின்றவர்களால் கிட்டப் போக ஏலவில்லையாம். அப்போது அந்த டைலர் வேலி பாய்ந்து ஓடி வந்து, கயிற்றின் வாலைப் பிடித்து இழுத்து விட்டிருக்கிறான். அதில் மாடு உதைத்து அவனுக்குக் காறை எலும்பு முறிந்தது. சும்மா நின்றிருந்தாலும் அன்று அவன்தான் வெற்றி. பெற்றவள் நான் அடைபட்டுக் கிடக்க, என் இடத்தில் ஆண்டவர் அவனை ஓடவிட்டார்.

"நீ தொங்கினதைக் கண்ட உடனே முழங்காலிலை நிண்டு கேட்டனான் ராசா" என்றேன்.

"அம்மா, அந்தப் படம் அரை நிமிசம் பிந்தித்தான் வாறது. நீங்கள் காணேக்கையே நான் வேலிக்கு வெளியிலை வந்திட்டன்."

போனைக் காதில் வைத்தபடியே சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டேன்.

ஜெரோம் இன்னும் மாட்டை விடவில்லை. நானும் என் மன்றாட்டை விடவில்லை. இப்போது டைலரின் பெயரையும் சேர்த்துச் சொல்கிறேன், அவனைப் பெற்றவளுக்காகவும் சொல்கிறேன். ஆனால் அன்றைக்குப் பிறகு நான் பயத்தோடு மன்றாடுவதில்லை. தந்து முடிந்த ஒன்றைத்தான் அன்று அந்த நாலு சுவருக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

மூடிய கதவுக்குள் இருந்து இதை வாசிக்கிறவர்களே, நம்பிக் கேளுங்கள். அவர் கையை விடுவித்திருப்பார். படம் இன்னும் உங்களிடம் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.