மலைப்பக்கம் கால் நீட்டாத யோகா

சும்மா படுத்துக்கினு இருக்கறதுக்கு ஆள் சேக்கறது இருக்குதே, அதவிட கஷ்டமான வேல கெடையாது. மெதுயோகா, அதான் மெல்ல மெல்ல பண்ற யோகா, சொல்லிக் குடுக்கறவங்க யாராச்சும் இதப் படிச்சா, உங்க வயித்தெரிச்சலும் என்னுதும் ஒண்ணுதான். எனக்குப் படிப்பு ஏறல, வாய் மட்டும் நல்லா ஓடும். திருப்பதி மலையடிவாரத்துல, அலிபிரி பக்கத்துல ஒரு மாடி ஹால்ல காலைல கிளாஸ் எடுக்கறேன். ஓனரம்மா மொத நாளே சொல்லிட்டாங்க, மாசக் கடைசிக்குள்ள ஆளுங்க நெலைக்கலன்னா ஹால் டான்ஸ் மாஸ்டருக்குப் போயிடும்னு.

எந்தப் பக்கம் கால்?

மொத நாளு எல்லாரையும் மல்லாக்கப் படுக்க வெச்சு, "ஒடம்ப அப்படியே வுட்ருங்க"ன்னேன். எல்லாரும் வுட்டாங்க. கோயில்ல சேவை பண்ற வரதன் சாமி மட்டும் எழுந்து குந்திக்கினாரு. "ஜன்னல்ல மலை தெரியறது பாரு. பெருமாளுக்கு நேரா காலை நீட்டிண்டு எனக்கு எப்படிப்பா மனசு அடங்கும்?"

அவ்ளோதான். படுத்துக்கினு இருந்தவங்க எல்லாம் கன்னத்துல போட்டுக்கினு பாயோட திரும்பிட்டாங்க. இப்ப அத்தன காலும் வாசப்பக்கம். வாசல்ல நாற்காலி போட்டு, எவ்ளோ பேர் வந்துக்கிறாங்கன்னு பாத்துக்கினு இருந்த ஓனரம்மா என்னை மொறைச்சாங்க.

"ஏமய்யா, சாமிக்கு ஆவாத காலு எனக்கு மட்டும் ஆவுமா?"

குமாரு வேகம்

குமாரு வேலூர்க்காரன். ஸ்ரீசிட்டில ஒரு கம்பெனில, சாமான் ஓடிக்கினே வர்ற லைன்ல வேல. நைட் ஷிப்ட் முடிச்சு கம்பெனி பஸ்ல எறங்கி நேரா கிளாஸுக்கு வருவான். "கைய மெதுவா, பூ விரியற மாதிரி தூக்குங்க"ன்னு நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள தூக்கி, எறக்கி, ரெடியா நிப்பான். "தம்பி, இங்க சூப்பர்வைசர் யாரும் இல்ல, மெதுவா"ன்னேன். ஒரு கண்ண மட்டும் தொறந்தான்.

"அண்ணா, என்னுது முடிஞ்சுது. அடுத்தத அனுப்புங்க, லைன் நிக்குது."

அமைதின்னா என்னா

சுசீலாக்காவுக்கு ஊரு கங்காதர நெல்லூரு. பொண்ணு வூட்டுக்கு வந்த எடத்துல கிளாஸுக்கும் வந்தாங்க. நான் அமைதிப்படுத்தறேன்னு ஓயாம பேசுவேன். நெத்திய தளர்த்துங்க, தாடைய தளர்த்துங்க, சாமி அந்தத் தொப்பைய கொஞ்சம் கீழ வெய்யுங்கன்னு போய்க்கினே இருக்கும். ஆளுங்களும் போய்க்கினே இருந்தாங்க. மாசக் கடைசி நெருங்குது. அக்காவையே கேட்டேன், "ஏங்க்கா யாரும் நிக்க மாட்றாங்க?"

"எங்க வூட்டு மாடு உன்ன வுட கம்மியா கத்தும்பா. நீ வாய மூடினா நாங்க கண்ண மூடுவோம்."

மாஸ்டர் வந்த காலை

மறுநாள்ல இருந்து வாய்ல லவங்கம் ஒண்ணப் போட்டுக்கினு கம்முனு உக்காந்தேன். அக்கா ஊர்ல சொன்னாங்களோ, தெருவுல சொன்னாங்களோ, போனவங்க ஒவ்வொருத்தரா திரும்பி வந்தாங்க. மாசக் கடைசியில டான்ஸ் மாஸ்டரு ஸ்பீக்கர் பொட்டியத் தூக்கிக்கினு படியேறி வந்தாரு. உள்ள ஹால் நெறைய ஆளு. குமாரு அசையல. சாமி தொப்ப மட்டும் ஏறி எறங்கிக்கினு இருக்குது.

மாஸ்டர் வாயத் தொறந்தாரு. ஓனரம்மா ஒதட்டுல வெரல வெச்சு, கீழ போன்னு கை காட்டினாங்க. எனக்கு நாக்கு அரிக்குது, லவங்கத்த நறுக்குனு கடிச்சுக்கினேன். அம்மா நாற்காலிய மடிச்சு செவுத்துல சாத்திட்டு எங்காதுகிட்ட வந்தாங்க.

"எனக்கும் ஒரு பாய் போடு. நானும் கூட படுத்துட்டா யாரு காலும் என் மூஞ்சிக்கு நேரா வராது."

பேசிப் பேசித் தொரத்தின கிளாஸ பேசாம இருந்தே காப்பாத்திக்கினேன், ஆனா இத எங்க வூட்ல மட்டும் யாரும் சொல்லிடாதீங்க, அங்கயும் லவங்கம் வெச்சுடுவாங்க.