மேரி சிஸ்டரும் முன் ஆக்ஸிலும்

மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் பேரிங்கை முக்கி எடுத்துக் காதருகே வைத்துச் சுற்றிப் பார்க்கிறார் மேரி. திருப்தி இல்லை. பழைய பல் பிரஷ்ஷால் குண்டுகளின் இடுக்கைத் தேய்க்கிறார். மறுபடியும் முக்கல், மறுபடியும் காது. "கரகரன்னுது. இன்னும் மண்ணு கீது உள்ள" என்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. பேரிங்கிடம்தான் சொன்னார் போலிருக்கிறது.

செங்கல்பட்டு ஆசுபத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் அவர். காலை டூட்டி முடித்து ரயில் பிடித்து சிங்கப்பெருமாள் கோயில் வந்து சேர்ந்ததும் வெள்ளைப் புடவையை மடித்துவைப்பார். நைட்டிக்கு மேல் கணவரின் காக்கிச் சட்டையை மாட்டிக்கொள்வார். தலையை இறுக்கக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார். அங்கே ரயில்வே கட்டைகளின் மேல் தூக்கி நிறுத்தியிருக்கிறது, உலகப் போர்க் காலத்து ராணுவ லாரி. முன் சக்கரங்கள் இரண்டும் வேப்பமரத்தில் சாய்ந்து கிடக்கின்றன. தரையில் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பு. அதன்மேல் வலப்பக்கத்துச் சாமான்கள் வலப்பக்கம், இடப்பக்கத்தவை இடப்பக்கம், கழற்றிய வரிசையிலேயே. பக்கத்து வீட்டுக் கோழி விரிப்பில் கால்வைத்தால் மேரிக்கு வரும் கோபம் பெரிய டாக்டர்களுக்கும் தெரிந்த கோபம்.

மறுநாள் டூட்டிக்குக் கிளம்புமுன் சோப்புத் தூளும் எலுமிச்சை மூடியும் போட்டு நகக்கண் வரைக்கும் தேய்ப்பார். அப்படியும் டீசல் வாடை லேசாக ஒட்டிக்கொண்டு வரும். "சிஸ்டர் வூட்ல மெக்கானிக் ஷெட்டா?" என்று ஒருமுறை வார்டு ஆயா கேட்டதற்கு, "ஆமா, உள்நோயாளி ஒருத்தர் கீறாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

லாரி அவருடையதல்ல, கணவர் ஆபிரகாமுடையது. ஊரான் மாட்டுவண்டியை ஓட்டியே காலம் தள்ளியவர் ஆபிரகாமின் அப்பா. அந்தக் குடும்பத்தில் சக்கரம் வைத்த எதையும் சொந்தமாக வாங்கிய முதல் ஆள் இவர். தொண்ணூற்று மூன்றில் ராணுவ ஏலத்தில் லாரியை எடுத்து ஓட்டிவந்த அன்று தெருவே கூடிவிட்டது. நான்கு சக்கரமும் இழுக்கும்படி செய்த வண்டிதான். ஆனால் முன் சக்கரங்களைச் சுழற்றும் அச்சான முன் ஆக்ஸில் கெட்டுப்போய், யாரோ அதன் இணைப்பையே கழற்றிவிட்டிருந்தார்கள். பின் சக்கரங்களின் தயவில் தார் ரோட்டில் சவுக்குக் கழி ஏற்றி ஓட்டினார் ஆபிரகாம். கடற்கரை மணலில் இறங்க மட்டும் வண்டிக்குத் தெம்பில்லை.

இரண்டாயிரத்து ஒன்றில், முன் ஆக்ஸிலைத் தானே பார்த்துவிடலாம் என்று அடியில் நுழைந்தார். ஜாக்கி வழுக்கியது. வண்டி மேலே விழவில்லை. தெறித்த ஜாக்கிக் கம்பி தோளில் அடித்துக் காறை எலும்பு முறிந்தது. கையைத் துணித்தொட்டிலில் போட்டுக்கொண்டு அவர் வீட்டில் கிடந்தபோது, பழைய இரும்பு வாங்கும் காசிநாதன் வந்து லாரியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"துருப்புடிச்சிப் போச்சி சிஸ்டர். எடைக்குப் போட்டா வாசலாவது காலியாவும்."

மேரி கணவரைப் பார்த்தார். அவர் அணைந்து கிடந்த டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குட்த்துடு மேரி. இனிமே அடியில பூர என்னால ஆவாது."

"உன்ன யாரு மாமா பூரச் சொன்னா? நான் பூர்றேன்."

காசிநாதன் சிரித்தார். ஆபிரகாமும் சிரித்தார், அடிபட்டதிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு. மேரி மட்டும் சிரிக்கவில்லை. "மழை முடியட்டும் அண்ணாத்த. அப்பவும் இது இப்டியே கெடந்தா நானே ஆள் வுடுறேன்" என்று சொல்லி அனுப்பினார்.

அப்படித் தொடங்கியது வேலை. வண்டியை இனி வழுக்கவே முடியாதபடி கட்டை அடுக்கி நிறுத்திய பிறகுதான் முதல் போல்ட்டில் கைவைத்தார். ஆபிரகாம் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லுவார். மேரி மல்லாந்து படுத்துச் செய்வார். இருவரும் சண்டை போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்கும். சக்கரம் திரும்பும் இடத்தில் பூசணிக்காய் அளவுக்கு ஓர் இரும்பு உருண்டை இருக்கிறது. அதற்குள்ளேதான் இன்ஜினின் வேகத்தைச் சக்கரத்துக்குக் கடத்தும் மூட்டு. திறந்து பார்த்தால் கிரீஸ் இருக்கவேண்டிய இடத்தில் கருஞ்சேறும் மணலும். மூட்டு அசையவே இல்லை. டீசலில் ஊறப்போட்டு, தினமும் வந்து ஒரு தட்டுத் தட்டி, கடைசியில் ஒரு மாலை அது இளகி அசைந்தபோது, மேரி அதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இப்படியும் அப்படியுமாக ஆட்டிக்கொண்டே இருந்தார். இடப்பக்க மூட்டு கடைசிவரை இளகவில்லை. அதற்கு மாற்று தேடிச் சென்னைப் புதுப்பேட்டையில் கடைகடையாக ஏறி இறங்கினார். பழைய மூட்டைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டே போனார். "படம் காட்டுனா ஆவாது. பக்கத்துல வெச்சிப் பாத்தாத்தான் மனசு ஒத்துக்கும்."

எல்லாவற்றையும் பூட்டி முடித்த மறுநாள் காலை, வலது சக்கரத்தின் உள்பக்கம் ஒரு சொட்டு எண்ணெய் தொங்கியது.

"ஒரு சொட்டுதானே, வுடு" என்றார் ஆபிரகாம்.

"மொதல்ல ஒரு சொட்டுதான் மாமா வரும்."

அந்தப் பக்கம் முழுவதையும் மறுபடியும் பிரித்தார். ஆபிரகாம் கோபித்துக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார். உள்ளே, எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீலின் ரப்பர் விளிம்பு ஓர் இடத்தில் மடிந்திருந்தது. பக்குவமாக எடுத்துப் புதுசு போட்டு, வரிசை பிசகாமல் திரும்பப் பூட்டத் தொடங்கினார். ஆபிரகாம் வந்து பார்த்தார். ஸ்பானரை எடுத்து நீட்டினார். அவர் தோள் அதற்குள் தேறியிருந்தது.

லாரி கட்டைகளின் மேல் நிற்கும்போதே இன்ஜினைக் கிளப்பி முன் கியரைப் போட்ட அன்று, அந்தரத்தில் இருந்த முன் சக்கரங்கள் இரண்டும் மெதுவாகச் சுழன்றன. ஆபிரகாம் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு எட்டி எட்டிப் பார்த்தார். "சுத்துதுமே" என்றார். 

கார்த்திகைப் புயல் கரையைக் கடந்த பிறகு சேதி வந்தது. அனுப்பியவர் தனகோடி, ஆபிரகாமிடம் கழி வாங்கும் மீனவர். மாமல்லபுரத்துக்கு வடக்கே தேவனேரியில் அவருடைய படகை அலை தூக்கிப்போட்டு, விளிம்பு வரை மணலில் புதைத்துவிட்டது. இழுக்கப்போன டிராக்டரும் புதைந்துவிட்டது. இன்னும் இரண்டு அலை ஏறினால் படகு உடைந்துவிடும். வண்டி வருமா?

மணலில் இறங்கிப் பார்க்காத ஆக்ஸில். ஆபிரகாம் மனைவியைப் பார்த்தார். மேரி லாரிக்கு அடியில் போய் ஒவ்வொரு போல்ட்டையும் ஒருமுறை தொட்டுவிட்டு வந்தார். "போலாம்."

கரையில் கடல் இரைந்துகொண்டிருந்தது. ஈர மணலை ஆட்கள் தோண்டத் தோண்ட அலை மூடியது. டிராக்டர்காரர் லாரியைப் பார்த்துக் கையாட்டித் தடுத்தார். "வேணாம் அண்ணாத்த, உன் வண்டியும் உக்காந்துக்கும்."

கயிற்றைக் கட்டினார்கள். ஆபிரகாம் பின் சக்கரத்தில் மட்டும் முதலில் இழுத்துப் பார்த்தார். மணல் வாரியடித்தது, லாரியின் பின்புறம் ஒரு சாண் இறங்கியது. 

"முன்ன போடு மாமா" என்றார் மேரி, பக்கத்து இருக்கையிலிருந்து.

ஆபிரகாம், தரையில் ஓட்டும்போது ஒருநாளும் தொடாத முன் கியர்க் கைப்பிடியைத் தள்ளினார். இன்ஜின் ஓசை கனத்தது. முன் சக்கரங்கள் மணலைக் கவ்வி ஒரு முழம் ஏறின; இன்னொரு முழம். கயிறு முறுக்கேறிச் சொடுக்கியது. மணலுக்குள்ளிருந்து படகு முனகிக்கொண்டு மூக்கைத் தூக்கியது. பிறகு நிற்கவே இல்லை. லாரி மேட்டின் மேல் ஏற, பின்னாலேயே படகு முழு உடம்போடு வழுக்கிக்கொண்டு வந்தது. அதே கயிற்றால் டிராக்டரையும் பிடுங்கி மேலே விட்டார்கள்.

தனகோடி படகின் அடியைத் தடவித் தடவிப் பார்த்தார். ஓட்டை இல்லை. கூட்டம் ஆபிரகாமைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டது. "தோளு, தோளு" என்று அவர் அலற, அப்படியே இறக்கிவிட்டார்கள்.

"என்னிய இன்னாத்துக்குத் தூக்குறீங்க? வண்டியப் பொழைக்க வெச்சது மேரிதான்" என்று ஆபிரகாம் லாரிப் பக்கம் கையை நீட்டினார்.

தனகோடி திரும்பினார். "சிஸ்டர், எங்க சிஸ்டரு?"

மேரி கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முன் சக்கரத்தின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு, காய்ச்சல் பார்ப்பதுபோலப் புறங்கையைச் சக்கரத்தின் நடுக்குடத்தில் வைத்துச் சூடு பார்த்துக்கொண்டிருந்தார். சற்றுப் பொறுத்து எழுந்து, புடவையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, அடுத்த பக்கத்துச் சக்கரத்துக்கு நடந்தார்.