உண்ணி ஒழிந்த கதை

உத்தனப்பள்ளி மாரம்மாவின் பாதி ஆயுசு உண்ணிச்செடியோடு மல்லுக்கட்டியே போனது. எந்த மகராசன் பங்களாவுக்கு அழகு என்று அதைக் கொண்டுவந்து வைத்தானோ, அவன் நன்றாக இருக்கட்டும்! சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்துக்கொண்டு மாடு மேய்கிற ஊர்க் கரட்டுக் குன்று முழுக்க ஏறி உட்கார்ந்துவிட்டது. அதன் அடியில் கொழுக்கட்டைப்புல் ஒரு கொத்து முளைக்கவில்லை. வெட்டினால் ஒன்றுக்கு நாலாய்த் துளிர்க்கும். வேரோடு பிடுங்கினாலோ, கருப்புப் பழத்தைத் தின்ற சின்னான் குருவி புளியமரத்தில் உட்கார்ந்து எச்சமிட்டு மறுபடியும் விதைத்துவிடும். நம்ம ஊர்க் குருவிக்கே புத்தி கெட்டுப்போச்சு என்று அதையும் சேர்த்துத் திட்டுவாள்.

அவளுக்கு இருந்தது ஒரே பசு, செவலை. அதன் பாலில்தான் வீடு ஓடியது. ஐம்பத்திரண்டாம் வருசக் கோடையில், புல் கிடைக்காமல், பசி பொறுக்காமல் அது உண்ணித்தழையைக் கடித்துவிட்டது. இரண்டே நாளில் கண் மஞ்சளாகி, வெயிலில் நிற்க முடியாமல், மூக்குத்தோல் உரிந்தது. நிழலில் கட்டி, கீழாநெல்லியை மோரில் கரைத்து ஊற்றி எப்படியோ பிழைக்க வைத்தாள். இன்னொரு தரம் தின்றால் மாடு மிஞ்சாது.

கரட்டைச் சுத்தம் பண்ணித் தரச்சொல்லி சர்க்காருக்கு மனுப் போட, திம்மப்பனிடம் போனாள். ஊரில் மனு எழுதத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான், கன்னடக்காரர். உண்ணித் தொல்லை தாங்கவில்லை, மாடு சாகப் பார்க்கிறது, ஆள் அனுப்புங்கள் என்று சொன்னாள். தமிழில் உண்ணி செடிக்கும் பேர், பூச்சிக்கும் பேர்; கன்னடத்தில் உண்ணி என்றால் மாட்டுக் காதில் ஒட்டி ரத்தம் குடிக்கிற பூச்சி மட்டும்தான். அந்த மனுஷனும் என்ன ஏது என்று கேட்கவில்லை, இவளும் விளக்கவில்லை. மாட்டு உண்ணி என்று ரொம்பத் திருத்தமாக எழுதிவிட்டார்.

நாலு மாதம் கழித்து மாட்டு டாக்டரின் கம்பவுண்டர் மருந்து டின்னோடு சைக்கிளில் வந்து இறங்கினார். மாரம்மா கரட்டைக் காட்டினாள். அவர் மாட்டின் காதைப் பார்த்தார். மாட்டுக்கில்லைங்கய்யா, செடிக்கு என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். செடிக்கு வேற டிபார்ட்மெண்ட் என்றார். ஒரு பூச்சிகூட இல்லாத செவலையை அவிழ்த்து, மருந்துத் தண்ணீரில் குளிப்பாட்டி, காகிதத்தில் அவளிடம் கைநாட்டும் வாங்கிக்கொண்டார். குளித்த மாட்டைத் திரும்பக் கட்டாமல் இவள் அவரோடு மல்லாடிக்கொண்டிருந்த நேரத்தில் செவலை கரட்டுக்குப் போய் உண்ணித்தழையை வயிறு முட்ட மேய்ந்திருந்தது.

மூன்றாம் நாள் அது செத்துப்போனது. மாரம்மா அழுதுகொண்டே போய், இன்னொரு மனு எழுதச் சொன்னாள். இந்தத் தடவை திம்மப்பன் எல்லாவற்றையும் விவரமாகக் கேட்டுக்கொண்டு, கம்பவுண்டர் அவளிடம் விட்டுப்போன காகித நகலையும் வாங்கிப் படித்தார். பிறகு பேனாவை மூடி வைத்தார்.

"எப்படிம்மா எழுதறது? உண்ணி அடியோட ஒழிஞ்சுதுன்னு நீயே கைநாட்டு வெச்சிருக்கியே."