மாமா வீட்டில் பால் பொங்கிய நாள்

டென்மார்க்கில், எஸ்பியர்க் நகரத்தில் எங்கள் வீட்டுக்கு நேர் மேலே மாமா இருந்தார். அம்மாவின் தம்பி. மீன் தொழிற்சாலையில் வேலை. வீட்டில் மூன்று அறை, ஆள் ஒருத்தர். மாமியும் என் வயது மச்சாளும் யாழ்ப்பாணத்தில் காத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் எங்கள் ஆட்கள் குடும்பத்தைக் கூப்பிடக் கொடுத்த விண்ணப்பங்களை எல்லாம் மேலிடத்தில் கிடப்பில் போட்டிருந்தார்கள்.

மாமா தன் வீட்டு அடுப்பை ஒருநாளும் போட்டதில்லை. புது வீட்டில் முதலில் பால் காய்ச்ச வேண்டும் அல்லவா, பிள்ளைகளே? அதை மாமிதான் காய்ச்ச வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். சாப்பாடெல்லாம் எங்கள் வீட்டில்தான்.

"உன்ரை மனிசி வருமட்டும் என்ரை அடுப்புக்குத்தான் கரைச்சல்" என்று அம்மா பகிடி பண்ணுவார்.

"அவ வந்தாப்பிறகு உங்களுக்கு மேலைதான் சாப்பாடு, அக்கா. இஞ்சை அடுப்பைக் கழட்டி வைக்கலாம்."

ஒரு குளிர்காலம், வாடகைக்குக் கொடுத்துவந்த உதவிப் பணத்தைக் கொம்யூன், அதாவது நகரசபை, வெட்டிவிட்டது. ஒரு ஆளுக்கு எதற்கு மூன்று அறை என்பது அவர்கள் கேள்வி. சம்பளத்தில் முக்கால்வாசி வாடகைக்கே போனது. மாமா சனி ஞாயிறும் வேலைக்குப் போனார்.

"ஒரு சின்ன வீடாப் பாத்து மாறிவிடன், தம்பி" என்றார் அம்மா.

"அவையள் வந்தா எங்கை படுக்கிறது?"

அதற்குப் பிறகு இருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. எனக்கு முன்னால் கதைக்கவில்லை என்பதுதான் சரி.

ஒரு நாள் பள்ளிக்கூடத்தால் வந்து படியேறும்போது பால் பொங்கும் மணம் வந்தது. மேல் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. எட்டிப் பார்த்தேன். மாமாவின் அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு வேறு என்ன தோன்றும்? கீழே பாய்ந்தேன்.

"அம்மா! மாமி வந்திட்டா! மேலை பால் பொங்குது!"

அம்மா குங்குமச் சிமிழைத் தூக்கிக்கொண்டு, கையில் ஒட்டிய மாவோடு, செருப்பும் போடாமல் படியேறி ஓடினார். வாசலில் அப்படியே நின்றுவிட்டார். கட்டில்கள் இல்லை. மச்சாளுக்கென்று வாங்கிய சின்னச் சைக்கிளும் இல்லை. மாமியும் இல்லை. ஒரு சூட்கேஸ்தான் நடுவில் இருந்தது.

"என்னடா தம்பி இது?"

"காலமை நீங்கள் வேலைக்குப் போன நேரம் சாமானெல்லாம் ஏத்தியாச்சு, அக்கா. பின்னேரம் வீட்டுத் திறப்பைத் திருப்பிக் குடுக்கோணும். தொழிற்சாலைக்குப் பக்கத்திலை ஒரு அறை கிடைச்சிருக்கு."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லையே!"

"சொன்னா விடமாட்டியள்." மாமா அடுப்பை நிறுத்தினார். "பால் காய்ச்சாமல் விட்டிட்டுப் போக மனம் கேக்கேல்லை."

வெறும் நிலத்தில் இருந்தோம். மாமா சீனி போட்டு ஐந்து கோப்பையில் பாலை ஊற்றினார். அம்மா தன் கோப்பையைத் தொடவில்லை. சிமிழை மடியில் வைத்துக்கொண்டு அழுதார்.

"மிச்சம் ரெண்டும் ஆருக்கு, மாமா?"

மாமா இரண்டு கோப்பையையும் என் பக்கம் தள்ளினார்.

"நீயே குடியடா, மருமோன்."

இரண்டையும் குடித்தேன். நல்ல இனிப்பு. மாமி வராததும் ஒருவகைக்கு நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டு வாயைத் துடைத்தேன்.