ரெண்டே ரெண்டு மேட்ச்

அவருக்குப் பெற்றோர் ஆசை ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் ஹாக்கி டீமில் அவரை அந்தப் பெயரால் கூப்பிட்டவர் யாருமில்லை. எல்லோருக்கும் அவர் ‘அட்ஜஸ்ட் அண்ணன்’. டீம் பஸ்ஸின் கடைசி சீட்டில் நாலு பேர் உட்கார்ந்த பிறகு ஐந்தாவது ஆளாக ஒடுங்கிக்கொள்கிறவர் அவர். வெளியூரில் ஹோட்டல் அறை போதவில்லை என்றால், குறட்டையால் ஜன்னல் கண்ணாடியை ஆட்டிவைக்கும் கோல்கீப்பரோடு தங்குகிறவரும் அவர்தான். “அண்ணே, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க” என்று யார் வந்து நின்றாலும், என்ன ஏது என்று கேட்காமல், “அதுக்கென்ன, பண்ணிக்கிட்டாப் போச்சு” என்பார். தங்கமான குணம் என்று அவரைப் புகழ்ந்தவர்களை எண்ணிப் பார்த்தால், அத்தனை பேரும் அந்தக் குணத்தால் ஆதாயம் அடைந்தவர்களாகவே இருப்பார்கள்.

வீட்டிலும் இதே கதைதான். தம்பிக்குக் கல்யாணம் ஆனபோது பால்கனி வைத்த பெரிய அறையைக் காலி செய்து கொடுத்துவிட்டு, மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே இருந்த சின்ன அறைக்குப் போனார். “ரெண்டே மாசம்ணே, வேற வீடு பாத்துட்டுப் போயிடறோம்” என்று தம்பி சொல்லியிருந்தான். தம்பியின் மகன் இப்போது அந்தப் பால்கனியில் சைக்கிள் ஓட்டப் பழகிக்கொண்டிருக்கிறான். தொட்டியிலிருந்து கசியும் தண்ணீர் அண்ணன் அறையின் சுவரில் வருஷத்துக்கு வருஷம் பெரிதாகிற ஒரு கறையை வரைந்து வைத்திருக்கிறது.

ஒரே ஓர் இடத்தில்தான் அவர் யாருக்கும் நகர்ந்து கொடுத்ததில்லை. மைதானத்தில் அவர் ரைட் பேக். அதாவது கோலுக்கு முன்னால் வலது பக்கத்துக் காவல். எட்டு வருடமாக அது அவருடைய இடம், வேறு யாரும் அங்கே நின்று ஒரு நிமிடம் ஆடியதில்லை.

ஹாக்கி மட்டைக்கு ஒரு பக்கம்தான் தட்டை. இடது கைக்காரனுக்கென்று தனி மட்டையும் கிடையாது. பந்து நமக்கு வலப்பக்கம் வந்தால் மட்டையை நீட்டினால் போதும். இடப்பக்கம் வந்தால் மட்டையைக் கவிழ்த்துப் பிடித்து, முட்டி தரையைத் தொடுகிற மாதிரி குனிய வேண்டும். அதனால் ரைட் பேக்குக்கு ஒரு வித்தை உண்டு. எதிராளி பந்தோடு பாய்ந்து வரும்போது உள்பக்கத்தை உடம்பால் அடைத்துக்கொண்டு, “வா ராசா, இந்தப் பக்கம் போ” என்பது போலத் தன் வலப்பக்கம் வழிவிட வேண்டும். அந்தப் பக்கம் மைதானம் முடிந்து கோடு இருக்கிறது. தட்டைப் பக்கம் தயாராகக் காத்திருக்கும் மட்டையும் இருக்கிறது. வந்தவன் பந்தைப் பறிகொடுப்பான், இல்லாவிட்டால் கோட்டைத் தாண்டிப் போவான். அட்ஜஸ்ட் அண்ணன் இதில் கில்லாடி. யோசித்துச் செய்கிற வேலையில்லை, கால் தானாகச் செய்யும்.

அந்த சீசனில் டீமை நடத்துகிற கம்பெனிக்கு இளரத்தத்தின் மேல் திடீரென்று காதல் பிறந்தது. மூன்று பையன்களைப் பிடித்து வந்தார்கள். பதினெட்டும் பத்தொன்பதுமாக வயசு, இன்னும் சரியாக முளைக்காத மீசை. மூன்று பேரையும் பதினொருவருக்குள் புகுத்தியே ஆகவேண்டும் என்று மேனேஜர் கோச்சிடம் சொல்லிவிட்டார். சொல்வது சுலபம். உட்கார்ந்திருக்கிற யாரை எழுப்புவது? கேப்டன் முகம் பஸ்களின் முதுகில் விளம்பரமாக ஒட்டியிருக்கிறது, அவனைத் தொட முடியாது. பெனால்டி கார்னர் அடிக்கிறவனைத் தொட்டால் கோலே வராது. சென்டர் ஹாஃப் கம்பெனிக்காரருக்கு மருமகன் முறை, அவனைத் தொடுவதாகக் கனவு கண்டாலே கோச்சுக்கு வேலை போய்விடும். இப்படிச் சுற்றிச் சுற்றி வந்த விரல் கடைசியில் எங்கே வந்து நின்றிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கோச் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். சுவரில் பச்சைப் பலகை. அதன்மேல் எண் போட்ட காந்த வில்லைகள், ஆளுக்கு ஒன்று. நாலாம் நம்பர் அண்ணனுடையது. எட்டு வருடமாக ஒரே இடத்தில் ஒட்டியிருந்ததில் அந்த இடத்துப் பச்சை மட்டும் வெளுக்காமல் இருந்தது.

“உங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா, சொல்லுங்க” என்று ஆரம்பித்தார் கோச். “புதுசா வந்த மூணு பேர்ல நம்ம ராக்கெட் இருக்கானே, அவனுக்கு ரைட் பேக் தவிர வேற எதுவும் தெரியாது. சின்னப் பையன். நீங்க அப்படியா? எங்க நிறுத்தினாலும் ஆடுவீங்க. ரெண்டே ரெண்டு மேட்ச், லெஃப்ட் பேக்ல நின்னு குடுங்க. பையனுக்குக் கூச்சம் போயிடட்டும். அப்புறம் உங்க எடம் உங்களுக்குத்தான்.”

இதற்கு ஐஸ் வைப்பது என்று பெயர். குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் எட்டு வருடத்தில் கோச் தன்னிடம் உட்கார்ந்து பேசியது அதுதான் முதல் தடவை என்பதால் அண்ணனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தார். அவர் வாழ்க்கையில் அதுவே பெரிய துணிச்சல்.

மனைவி ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் வேலை பார்க்கிறவள். ஊசி குத்துமுன் “வலிக்காது” என்று பொய் சொல்லாத ஒரே ஆள் அங்கே அவள்தான் என்பார்கள். விஷயத்தைக் கேட்டதும் துணி மடிப்பதை நிறுத்தினாள்.

“பால்கனி ரூமையும் இப்படித்தான் குடுத்தீங்க.”

“அது வேற, இது வேற. இது ரெண்டு மேட்ச்.”

“அது ரெண்டு மாசம். இந்த வருஷத்தோட காண்டிராக்ட் முடியுது. புதுசு போட்டாத்தான் தனி வீடு பாக்கலாம்னு நீங்கதானே சொன்னீங்க? இப்பப் போயி பழக்கமில்லாத எடத்துல நிப்பேன்னு சொல்றீங்களே. முடியாதுன்னு சொல்லிட்டு வாங்க. ஒரு வார்த்தைதான்.”

“எப்படிச் சொல்றது, மூஞ்சியப் பாத்து?”

“வாயால.”

மறுநாள் காலையில் குளியலறைக் கண்ணாடி முன் நின்று அண்ணன் ஒத்திகை பார்த்தார். “முடியாது சார்” என்றார். கொஞ்சம் கடுமையாக இருப்பதாகப் பட்டது. “கஷ்டம் சார்” என்று மாற்றினார். பிறகு, “பாக்கலாம் சார்” என்று வந்தது. கதவுக்கு வெளியே மகள், “அப்பா யார்கிட்டம்மா பேசறாங்க?” என்று கேட்டாள். “யார்கிட்டயும் இல்ல. அதான் பிரச்சினையே” என்றாள் அம்மா.

அவர் கோச்சின் அறைக்குப் போனபோது நாலாம் நம்பர் வில்லை ஏற்கெனவே இடப்பக்கம் ஒட்டியிருந்தது. வெளுக்காத பச்சையின் மேல் இருபத்திரண்டு என்று ராக்கெட்டின் வில்லை. அண்ணன் பலகையைப் பார்த்தார், கோச்சைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். “லெஃப்ட்ல எனக்கு எதிர வர்ற விங்கர் யாரு சார்?” என்று கேட்டார். அவருடைய எதிர்ப்பு அவ்வளவுதான்.

முதல் மேட்ச்சில், முதல் பத்து நிமிடத்துக்குள், எதிர் டீமின் விங்கர், அதாவது கோட்டோரமாகப் பாய்கிற ஆட்டக்காரன், பந்தோடு அவரை நோக்கி வந்தான். அண்ணனின் கால் எட்டு வருடப் பழக்கத்தைச் செய்தது. இடப்பக்கத்தை உடம்பால் அடைத்தது, வலப்பக்கம் வழிவிட்டது. ஆனால் இங்கே அவருக்கு இடப்பக்கம்தான் கோடு. வலப்பக்கம் மைதானத்தின் நடு, அதாவது நேராகக் கோல். வந்தவனுக்கே நம்ப முடியவில்லை. வாசல் திறந்து வைத்து வரவேற்ற மாதிரி இருந்தது. உள்ளே போனான், அடித்தான், கோல். “பெருசு, தூங்குனது போதும், எந்திரி!” என்று கேலரியிலிருந்து ஒரு குரல் வந்தது. முப்பத்திரண்டு வயசுக்காரர் பெருசாகிவிட்டார்.

இரண்டாவது மேட்ச்சில் காலுக்குக் கட்டளை போட்டுக்கொண்டே ஆடினார். வலம் இல்லை, இடம், இடம் என்று மனசுக்குள் சொல்லிச் சொல்லி நகர்ந்தார். யோசித்து நகர்கிற தடுப்பாட்டக்காரனுக்காகப் பந்து காத்திருக்குமா? மட்டையைக் கவிழ்ப்பதற்குள் அது காலில் பட்டது. காலில் பட்டால் ஃபவுல். பெனால்டி கார்னர், மறுபடியும் கோல்.

அந்தப் பக்கம் ராக்கெட் நன்றாக ஆடினான். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ரைட் பேக்கில் நின்று, உள்பக்கத்தை அடைத்து, வழிவிட்டு, பறித்தான். பார்க்கப் பார்க்க அண்ணனுக்கு வயிறு எரிந்தது. அதைவிடக் கொடுமை, பையன் நல்லவன். மேட்ச் முடிந்ததும் ஐஸ் பையை எடுத்து வந்து அவர் முட்டியில் வைத்துக் கட்டினான்.

“நான்தான் உங்க எடத்தை எடுத்துட்டேன்னு தப்பா நெனைக்காதீங்கண்ணே.”

“சேச்சே, என்ன தம்பி இது. டீம்னா அப்படித்தான்.”

அவன் திமிர் பிடித்தவனாக இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். மனசாரத் திட்டியாவது தீர்த்திருக்கலாம்.

இரண்டு மேட்ச் முடிந்தது. அண்ணன் கோச்சிடம் போய் நின்றார். “பையன் இப்பத்தான் செட்டாகறான். இந்த நேரத்துல கலைக்க வேணாம், என்ன?” என்றார் கோச். சரி என்றார். அடுத்த மாதம் இரண்டாவது பையனுக்கு லெஃப்ட் பேக் வேண்டியிருந்தது. “நீங்க ஒரு ரெண்டு மேட்ச் நடு வரிசைக்குப் போங்க. உங்களுக்குத்தான் எல்லா எடமும் தெரியுமே.” சரி. அதற்கடுத்து மூன்றாவது பையன் நடு வரிசைக்கு வந்தான். “நீங்க பெஞ்ச்ல இருந்தாத்தான் எனக்குத் தெம்பு. எங்க ஓட்டை விழுந்தாலும் அடைக்க ஆள் இருக்குன்னு.” சரி. பலகையில் நாலாம் நம்பர் வில்லை நகர்ந்து நகர்ந்து, கடைசியில் பச்சையைத் தாண்டி மரச்சட்டத்தின் மேல் ஒட்டிக்கொண்டது. மூன்று பையன்களையும் டீமுக்குள் அழகாகப் பொருத்திவிட்டதாகக் கோச்சுக்குப் பத்திரிகையில் பாராட்டு வந்தது. எந்த இடத்தில் பொருத்தினார், அந்த இடங்களை யார் துடைத்து வைத்துக் கொடுத்தது என்று யாரும் எழுதவில்லை.

சீசன் முடிந்ததும் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். கோச் அன்றைக்குப் பார்த்து லீவு.

“உங்களுக்கு எந்த எடத்துக்குக் காண்டிராக்ட் போடறதுன்னுதான் யோசிக்கறோம்” என்றார் மேனேஜர்.

“ரைட் பேக் சார். எட்டு வருஷமா.”

“அங்க ராக்கெட் இருக்கானே.”

“அப்ப லெஃப்ட்…”

“லெஃப்ட்ல உங்களால சமாளிக்க முடியலைன்னு கோச் சொல்றாரு. மொத ரெண்டு மேட்ச்சும் நானும் பாத்தேன். நடு வரிசையிலயும் சுமார்தான்.”

“சார், அவர் கேட்டாருன்னுதான் நான் நகர்ந்தேன். ரெண்டு மேட்ச்னு சொல்லித்தான்…”

மேனேஜர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். “முடியாதுன்னா அப்பவே சொல்லியிருக்கலாமே! யாரு உங்களைக் கட்டாயப்படுத்துனா?”

காண்டிராக்ட் வரவில்லை. வழியனுப்பு விழாவில் ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். நேரம் பார்ப்பதைத் தவிர இனி என்ன வேலை என்று நினைத்தார்களோ என்னவோ. ‘விட்டுக்கொடுக்கும் பண்பின் சிகரம்’ என்று கேப்டன் பேசினான். வீட்டில் அந்தக் கடிகாரத்தைச் சுவர்க் கறைக்கு மேல் மாட்டினார்கள். கறை அதையும் தாண்டித் தெரிந்தது. தனி வீடு என்ற பேச்சு அதோடு நின்றுபோனது.

இப்போது அவர் மைத்துனரின் விளையாட்டுச் சாமான் கடையில் இருக்கிறார். கல்லாவில் அல்ல, பின்பக்கம், மட்டைகளுக்குப் பிடி சுற்றும் மேஜையில். அதுவும் இரண்டு மாதத்துக்குத்தான், அப்புறம் முன்பக்கம் வந்துவிடலாம் என்று மைத்துனர் சொல்லியிருக்கிறார்.

அடுத்த சீசன் தொடங்குவதற்கு முன், ஒரு மத்தியானம், மனைவி சாப்பாட்டுடன் வந்திருந்த நேரத்தில், ராக்கெட்டிடமிருந்து போன் வந்தது.

“அண்ணே, ஒரு விஷயம் கேக்கணும். புதுசா ஒரு பையன் வந்திருக்கான். பதினேழு வயசு. அவனுக்கு ரைட் பேக் குடுக்கணுமாம். என்னைய லெஃப்ட்ல நிக்கச் சொல்றாரு கோச். ரெண்டே ரெண்டு மேட்ச்தானாம். நீங்க ரெண்டு பக்கமும் ஆடினவரு. நான் என்னண்ணே சொல்லட்டும்?”

அண்ணன் கையில் பிடி சுற்றும் நாடா பாதியில் நின்றது. கண்ணாடி முன் நின்று பழகிய வார்த்தை, எத்தனையோ மாதமாகத் தொண்டையிலேயே கிடந்த வார்த்தை, நாக்கு நுனிக்கு வந்தது. இந்தப் பையன் ஐஸ் கட்டியவன். இந்தப் பையனின் கால்கூட இந்நேரம் வலப்பக்கம் வழிவிடப் பழகியிருக்கும். ஒரு வார்த்தை சொன்னால் பிழைத்துக்கொள்வான். அவர் மனசுக்குள் கடிகாரம் ஓடியது, கறை தெரிந்தது, வெளுக்காத பச்சைமேல் இருபத்திரண்டாம் நம்பர் வில்லை தெரிந்தது.

“அதுக்கென்ன தம்பி, ரெண்டே ரெண்டு மேட்ச்தானே?” என்றார். குரல் அவ்வளவு இதமாக இருந்தது. “அட்ஜஸ்ட் பண்ணிக்கோ.”

“ரொம்ப தாங்ஸ்ணே. உங்ககிட்ட கேட்டாத் தெளிவாயிடும்னு எனக்குத் தெரியும்.”

போனை வைத்துவிட்டு நாடாவை இழுத்துச் சுற்ற ஆரம்பித்தார். மனைவி சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏங்க அப்படிச் சொன்னீங்க? அவன் சின்னப் பையன்.”

“நானும் ஒருத்தன் இருந்தேனே!” என்று வெடித்தார் அண்ணன். அவர் அப்படிக் கத்தி அவள் கேட்டதில்லை. “எனக்கு அன்னைக்கு யாராவது சொன்னாங்களா, போகாதேன்னு?”

“நான் சொன்னேன்” என்றாள் அவள்.