நேரத்துக்குப் பொங்காத பால்

எங்கள் ஆற்றோர டவுனுக்குப் பிறந்தநாள் கொண்டாடுவது என்று முடிவானபோது, அது எந்த நாளில் பிறந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. களனி கங்கையில் படகுகள் வந்து நின்ற துறைதான் முதலில் இருந்தது, கடைகள் பிறகு வந்தன என்பது வரை எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். மாதமாவது தெரியுமா என்று கேட்டேன். விழாக்குழுச் செயலாளர் ஓய்வு பெற்ற சிங்களப் பள்ளிக்கூட அதிபர்; பாதி சிங்களமும் பாதி தமிழுமாகப் பேசுவார். "மிஸ், சனிக்கிழமை வெச்சா எல்லாருக்கும் லீவு" என்றார். டவுன் அப்படித்தான் ஒரு சனிக்கிழமையில் பிறந்தது. ஆதாரமில்லாத முடிவு என்று டைரியில் எழுதி அடிக்கோடு போட்டேன். டவுன் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். தாய்மார் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. பால் போத்தல்களை உயர வரிசைப்படி அடுக்கி வைப்பவள் நான். என்னைப் பற்றி இதற்கு மேல் சொல்ல அதிகமில்லை.

டவுனில் எந்த விழா நடந்தாலும் தோட்டத்து ஆட்களாகிய நாங்கள் வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, ஐஸ்பழம் வாங்கிக்கொண்டு திரும்பி வருவோம். இந்த முறை எனக்கு அது பொறுக்கவில்லை. அந்தப் படகுகளில் ஏறிப் போனதெல்லாம் எங்கள் மலைச் சரக்குதானே? விழாவில் டவுன்காரர்கள் பால் பொங்க வைக்கும் இடத்தில், பக்கத்திலேயே எங்களுக்கும் ஓர் அடுப்பு வேண்டும் என்று கேட்டேன். குழு கொஞ்சம் நெளிந்தது. கடைசியில் செயலாளர்தான் சொன்னார்: "இந்தத் தரம் செஞ்சு பார்ப்போம் மிஸ். ஹரியா வந்தா வருசா வருசம் உங்களுக்கு ஒரு அடுப்பு. ஆனா நெகத தப்பக் கூடாது."

ஹரி என்றால் சரி; நெகத என்றால் சுபநேரம். ஒன்பது நாற்பத்திரண்டு என்று சோதிடர் குறித்துக் கொடுத்திருந்தார். அந்த நிமிடத்தில் பால் பொங்கி வழிய வேண்டும். முன்னாலும் கூடாது, பின்னாலும் கூடாது. உலகத்தில் எனக்கென்றே செய்யப்பட்ட வேலை ஒன்று உண்டென்றால் அது இதுதான் என்று நினைத்தேன்.

வீட்டில் ஒத்திகை பார்த்தேன். சிறிய சட்டி, பெரிய சட்டி, மூடி போட்டு, மூடி போடாமல். பொங்கிய பாலையெல்லாம் என் கணவரே குடித்தார். நான்காவது ஒத்திகையில், "டவுனுக்குப் பொறந்தநாளு, வயித்தால போறது எனக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அதற்குள் எந்தச் சட்டிக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது எனக்குப் பிடிபட்டிருந்தது.

லயம் என்பது தோட்டத்தில் நாங்கள் இருக்கும் வரிசை வீடுகள். பக்கத்து லயத்தில் பால் வெட்டும் அக்கா ஒருத்தி இருக்கிறாள். தோட்டத்துப் பொங்கலில் குலவை போடுவதில் அவளுக்கு நிகர் யாருமில்லை. அவளும் இன்னும் சில பெண்களும் என்னோடு வருவதாக ஏற்பாடு.

"நேரமெல்லாம் எதுக்கு டீச்சர்? நம்ம லயத்துல பொங்குறப்ப பொங்கும். பொங்குனா அதுதான் நல்ல நேரம்" என்றாள்.

"இது லயமில்லை. நீங்கள் அடுப்புப் பக்கமே வர வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். விழா என்றால் எனக்கு எழுத்துத் தமிழ் வந்துவிடும்.

சனிக்கிழமை காலையில் மழை விட்டிருந்தது. ஆனால் மண் ஈரம். துறைக்கு மேலே பந்தல், கொடிகள், கண்டி மேளக்காரர்கள். நடுவில் டவுன் சட்டி. அதிலிருந்து நாலைந்து அடி தள்ளி எங்கள் சட்டி, மஞ்சள் கொத்து கட்டியபடி. கொத்தை ஒருமுறை நேராக்கி வைத்தேன். வேலிக்கு வெளியே என் கணவரும் எங்கள் தோட்டத்து ஆட்களும் நின்றார்கள். எங்கள் பெண்கள் வேலிக்கு உள்ளே நின்றார்கள். இனி எல்லோரும் அந்த வேலியைத் தாண்டுவது என் கையில்தான் இருந்தது.

என் கணக்குப்படி அடுப்பைப் பற்ற வைத்தேன். ஆனால் ஆற்றிலிருந்து காற்று வரும் என்பதை வீட்டு அடுப்படியில் எப்படி ஒத்திகை பார்ப்பது? காய்ந்த ரப்பர் விறகு காற்றில் கபகபவென்று எரிந்தது. நேரத்துக்கு வெகு முன்னாலேயே பால் நுரை கட்டி மேலே ஏறத் தொடங்கிவிட்டது.

"விடுங்க டீச்சர், பொங்கட்டும்" என்றாள் அக்கா.

"இன்னும் நேரம் இருக்கிறது!"

விறகை வெளியே இழுத்தேன். அதுவும் போதவில்லை. பக்கத்தில் இருந்த செம்புத் தண்ணீரைப் பாலில் ஊற்றினேன். நுரை அடங்கியது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. எல்லாம் கட்டுக்குள் வந்துவிட்டது.

பிறகு விறகைத் திரும்ப உள்ளே தள்ளினேன். அது ஈர மண்ணில் கிடந்த விறகு. புகைந்தது. ஊதினேன், இன்னும் புகைந்தது. பிரமுகர்கள் வரிசையில் ஒருவர் இருமத் தொடங்கினார். புதுச் சேலை முழுக்கச் சாம்பல். கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் ஊதுவதுமாக இருந்தேன். சட்டியோ குளித்துவிட்டு உட்கார்ந்த எருமை மாதிரி அசையாமல் இருந்தது.

"சட்டிக்கு இன்னைக்கு அரைப் பேருதான் டீச்சர்" என்றாள் அக்கா. வேலை குறைந்தால் தோட்டத்தில் பாதிச் சம்பளம்தான் எழுதுவார்கள். அதற்குத்தான் அரைப் பேர் என்று பெயர். மற்றப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. செயலாளர் எங்கள் சட்டியைப் பார்த்தார், பிறகு சோதிடரைப் பார்த்தார், பிறகு வேறு எங்கோ பார்த்தார். அடுப்பு போய்விட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இனி வருசா வருசம் ஐஸ்பழம்தான்.

மேளம் ஓங்கியது. ஒன்பது நாற்பத்திரண்டு. டவுன் சட்டி நாலு பக்கமும் அழகாக வழிந்தது. பந்தலில் எல்லோரும் கைகூப்பி அமைதியாக நின்றார்கள்.

அந்த அமைதியைக் கிழித்துக்கொண்டு என் பின்னால் ஒரு குலவை எழுந்தது. அதைத் தொடர்ந்து எங்கள் பெண்கள் அத்தனை பேரும், "பொங்கலோ பொங்கல்!" என்று கத்தினார்கள். வேலிக்கு வெளியே நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மேளக்காரர் ஒருவர் கோலைக் கை தவற விட்டார்.

"அது நம்ம சட்டி இல்லைக்கா!" என்று அவளுடைய கையைப் பிடித்து இழுத்தேன்.

"பால் பொங்குனா கத்தணும்ல? யாரு வீட்டுச் சட்டின்னு பாத்துட்டா கத்துவாங்க?" என்றாள். அவள் சொன்னது சரிதான். லயத்தில் வாசலுக்கு வாசல் சட்டி வைத்திருப்போம். எது முதலில் பொங்கினாலும் லயம் முழுக்கக் கத்தும். நானும் அப்படிக் கத்தி வளர்ந்தவள்தான். கைக்கடிகாரம் கட்டிய பிறகு மறந்துவிட்டேன்.

பந்தலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இருமிக்கொண்டிருந்த பிரமுகரே முதலில் கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். அது நிகழ்ச்சிநிரலில் இருந்தது என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும். நான் மறுக்கவில்லை.

கிரிபத் என்ற பால்சோற்றைப் பரிமாறத் தொடங்கினார்கள். எல்லோரும் தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நின்றார்கள். நான் மட்டும் அடுப்பை விட்டு நகரவில்லை. நகர முகம் இல்லை. அப்போதுதான் புகை திடீரென்று தீயாக மாறியது. பால் சுற்றிச் சுற்றி ஏறி, ஆற்றுப் பக்கமாகக் குபுகுபுவென்று வழிந்தது. அக்காவின் வாய் நிறையக் கிரிபத். அவளால் குலவை போட முடியவில்லை. கையை மட்டும் ஆட்டினாள்.

"பொங்கலு பொங்கல்!"

குரல் செயலாளருடையது. உச்சரிப்பு கோணலாக இருந்தாலும் நல்ல சத்தம். அவருக்குப் பின்னால் வரிசையில் நின்ற டவுன் ஆட்களும் தட்டைப் பிடித்தபடியே கத்தினார்கள். மேளக்காரர் பையில் போட்ட மேளத்தை மறுபடி வெளியே எடுத்து இரண்டு தட்டுத் தட்டினார்.

செயலாளர் என் பக்கம் வந்தார். "ஹரி மிஸ். அடுத்த வருசமும் இந்த இடத்துலேயே உங்க அடுப்பு. இந்த ஆட்கள் எல்லாரும் வரணும்" என்று அக்காவைக் காட்டினார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நேரம் பார்க்கிற வேலைய நாங்க பார்த்துக்கிறோம்" என்றும் சொன்னார்.

பஸ்ஸில் திரும்பும்போது கணவர் கேட்டார்: "எல்லாரும் கத்துனாங்களே, நீ ஏன் சும்மா நின்ன?"

பால் வழிந்த நேரத்தில் நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை.