உறுப்பினரின் மனைவி சும்மாதான் வந்தாள்

அரசியல்வாதியின் மனைவி என்பது சம்பளமில்லாத முழுநேர வேலை, விண்ணப்பிக்காமலே கிடைத்துவிடும். கொன்வென்ற்றில் சிஸ்டர்மார் தையலும் ஆங்கிலக் கவிதையும் சொல்லித் தந்தார்கள். வாய் வலிக்கச் சிரிக்கச் சொல்லித் தரவில்லை. என் கணவரை நீங்கள் இரண்டு தரம் மாகாணப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினீர்கள், மூன்றாம் தரம் வீட்டுக்கு அனுப்பினீர்கள். நடுவில் நான் பட்டது, பொதுவாழ்வுக்கு வாழ்க்கைப்பட்ட மற்றச் சகோதரிகளுக்குத் தெரியும்.

கதவு தட்டல்

ஒரு வீட்டுக்கு இரண்டு நிமிடம் என்று கட்சிப் பெடியள் சொன்னார்கள். தமிழ் வீட்டில் நடக்குமா? வாசலில் நின்று வாக்குக் கேட்டால் மரியாதையில்லை. உள்ளே போனால் தேத்தண்ணி குடிக்காமல் எழும்பேலாது. எங்கள் சனம் புலம்பெயர்ந்து வந்து குடியேறிய மில்லிக்கனில் ஒரு தெரு முடியுமுன் வயிறு குளமாகிவிடும்.

அந்தத் தெருக்கோடியில்தான் ரெஜினா வீடு. கொன்வென்ற் விடுதியில் எனக்குப் பக்கத்துக் கட்டில்காரி. பழக்கதோஷத்தில் அவளிடமும் தேர்தல் துண்டுப்பிரசுரத்தை நீட்டிவிட்டேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். “ஏனடி, என்னட்டை வாறதுக்கும் உனக்குத் துண்டு வேணுமோ?”

பக்கத்து மண்டபம்

இங்கே செத்தவீட்டில் ஒலிவாங்கி இல்லாமல் ஒருவரையும் வழியனுப்ப மாட்டார்கள். உறுப்பினர் வந்தால் நாலு வார்த்தை பேசியே ஆகவேண்டும். ஒரு சனிக்கிழமை ஓர் ஆசிரியரின் செத்தவீட்டுக்குப் போன இவர், அவசரத்தில் பக்கத்து மண்டபத்துக்குள் நுழைந்து, வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டிய மனிதரைப் பெரிய ஆசிரியர் என்று உருகி உருகிப் புகழ்ந்துவிட்டார். கடைசி வரிசையிலிருந்து நான் காட்டிய கண்சாடை ஒன்றும் எடுபடவில்லை. வெளியே வந்து மன்னிப்புக் கேட்டபோது, இறந்தவரின் மகன் இவருடைய கையைப் பிடித்துக்கொண்டான். “பரவாயில்லை அங்கிள், அப்பாவுக்கு வாத்தியாரா வரத்தான் ஆசையிருந்தது.”

கலியாணச் சாப்பாடு

ரெஜினாவின் மகளுக்குக் கலியாணம். பார்க்டேலில் ஒரு திறப்பு விழா இருந்ததால் மாதா கோயிலில் நடந்த கலியாணப் பூசைக்குப் போக முடியவில்லை. மண்டபத்தில் முன்வரிசையில் இருந்து, மேடையேறிப் படம் எடுத்து முடிய, இவர் மணிக்கூட்டைப் பார்த்தார். மிசிசாகாவில் அரங்கேற்றம், பிரதம விருந்தினர் வராமல் விளக்கு ஏற்ற மாட்டார்கள். சாப்பாடு போடுமுன் எழும்பிவிட்டோம். ரெஜினா பட்டுச்சேலையோடு வாகனத் தரிப்பிடம் வரை ஓடிவந்து ஒரு பார்சலை என் கையில் வைத்தாள். “இந்தாடி, காருக்குள்ளை சாப்பிடுங்கோ. படந்தான் எடுத்தாச்சே.”

சும்மா

தோற்றபின் அழைப்பிதழ் வருவதில்லை. போன மாதம் ரெஜினாவுக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை என்று கேள்விப்பட்டு, இறால் போட்டுக் கூழ் காய்ச்சிக்கொண்டு இருவரும் போனோம். அன்றைக்கு வேறெங்கும் போகவேண்டியதில்லை. ஆறுதலாக இருந்து கதைக்கலாம் என்று எனக்கு அப்படியொரு ஆசை.

ஊன்றுகோலோடு கதவைத் திறந்தவள் முதலில் என் கையைப் பார்த்தாள், பிறகு இவரைப் பார்த்தாள்.

“திரும்ப எலெக்சனோ?”

“இல்லையடி. சும்மா உன்னைப் பாக்க வந்தனான்.”

அவள் சிரிக்கவில்லை. உள்ளே திரும்பித் தன் கணவனைக் கூப்பிட்டாள். “இஞ்சேருங்கோ, நல்ல சேட் ஒண்டைப் போட்டுக்கொண்டு வாங்கோ, படம் எடுக்க வந்திருக்கினம்.”

தொகுதியைத் திரும்பப் பிடிக்கலாம் என்கிறார் இவர். சும்மா வந்தவள்தான் என்று ஒருத்தியை நம்பவைக்க எத்தனை தரம் கதவு தட்டவேண்டும் என்பதைத்தான் அவருடைய கட்சியும் சொல்லவில்லை, என் சிஸ்டர்மாரும் சொல்லவில்லை.